பட்டைக்குள் ஒரு புள்ளி

வெற்றிடக் கலத்தின் தடித்த கண்ணாடிக்கு உள்ளே, விண்கலத்தைத் தள்ளப்போகும் மின் உந்துபொறி நீலமாக எரிகிறது. பம்புகள் மட்டும் விடாமல் முனகுகின்றன. மேசையில் விரித்த வரைபடத்தின் மேல் மதிய வெயில் படுத்திருக்கிறது. பொறி எவ்வளவு தள்ளும் என்று கணக்குப் போடும் இளம் பெண் பொறியாளரின் கணினி முன்கூட்டிச் சொன்னது அதில் இருக்கிறது. போன முறை அவள் வீறாப்பாக ஒற்றைக் கோடு போட்டாள். அளந்த புள்ளி எங்கோ போய் விழுந்தது, ஆய்வகமே சிரித்தது. இந்த முறை தெரியாததையெல்லாம் தெரியாது என்றே கணக்கில் சேர்த்து, கணினியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கோட்டைச் சாம்பல் பட்டையாக அகட்டியிருக்கிறாள். இதற்கும் வெளியே விழுந்தால் இனி அவள் கணக்கை யாரும் சட்டை செய்யமாட்டார்கள்.

"இவ்வளவு அகலமா? லாரியையே திருப்பலாம் போலிருக்கே தங்கச்சி" என்கிறார் அளவெடுப்பவர்.

"சிரிங்கண்ணே, சிரிங்க. முதல்ல புள்ளிய வைங்க."

அவர் காதில் செருகிய பென்சிலை எடுத்துப் புள்ளி வைக்கிறார். பட்டையின் மேல் விளிம்புக்கு ஒரு நூல் கீழே, உள்ளேதான். ஆறிப்போன டீயை அவள் ஒரே மடக்கில் குடிக்கிறாள். அதுகூட ருசியாக இருக்கிறது. பென்சில் இன்னும் காதுக்குத் திரும்பவில்லை. பொறியின் தள்ளலை அளக்கும் தராசின் திரையில் கடைசி எண் நிலைகொள்ளாமல் துடிப்பதையே அவர் பார்க்கிறார். புள்ளி என்றால் புள்ளிதான் என்று இத்தனை காலம் சாதித்தவர், அதன் தலையிலும் காலிலும் சின்னதாக ஒரு கோடு இழுக்கிறார்.

"என் தராசும் கொஞ்சம் ஆடத்தானே செய்யுது."

மேல்கோடு பட்டையைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கிறது. அதை அழிக்கச் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை.