நடுவில் ஒரு நாற்காலி

இரண்டு ஸ்பீக்கரும் ஒரே அளவில் ஒலித்தால், பாடுகிறவரின் குரல் இரண்டுக்கும் நடுவே, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கேட்கும். இறந்துபோன மகள் எஸ்தரின் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் மரியசெல்வம் அந்த இடத்தில் அவளுடைய நாற்காலியைப் போட்டுவைப்பார். இடது ஸ்பீக்கரின் கூம்பைத் தாங்கும் நுரை வளையம் பொடிந்து, ஒலி நின்றுபோனது. கம்பெனிக்குப் போன் செய்தார்.

"அந்த மாடலுக்கு இப்ப பார்ட்ஸ் வர்றதில்ல சார். இன்னொண்ணு நல்லாத்தானே இருக்கு, அதுல கேளுங்க."

"நடுவுல வராதே தம்பி."

"நடுவுல என்ன சார் இருக்கு?"

போனை வைத்துவிட்டுப் பாட்டைப் போட்டார். மனைவி ஜெசிந்தா சற்று நேரம் கேட்டாள். பிறகு எழுந்து, "இங்கதாங்க வருது" என்று நாற்காலியை வலது ஸ்பீக்கர் பக்கம் மெல்ல நகர்த்தினாள்.