பின்பலகை

பழைய ஸ்பீடு போட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு மூவரும் கரையில் இறங்கினார்கள்.

“மூணு லட்சமா? இதுக்கா?” அந்தப் பெண் கொதித்தாள். “திருப்பினா ஒரு பக்கமாச் சாயுது. காலை வச்சா தரை அமுங்குது. உள்ளே பலகை மக்கிப் போச்சு!”

“வாங்க வந்தவரே சும்மா இருக்காரு, நீ ஏம்மா குதிக்கிற?” என்று சீறினார் படகுக்காரர்.

“ஸ்கூல் பிள்ளைங்க ஆறு பேரை அக்கரைக்குக் கூட்டிப் போகத்தான் கேக்குறேன். ரெண்டரை லட்சத்துக்குக் குடுங்க,” என்றார் வாங்க வந்த வேன்காரர்.

“ஓசியில குடுத்தாலும் வேணாம்!” அவள் என்ஜினைப் பிடித்து உலுக்கினாள். அதை மாட்டியிருந்த பின்பலகையும் சேர்ந்து ஆடியது. “ஓடும்போது இது பிச்சிக்கிட்டுப் போனா பிள்ளைங்க கதி?”

நீட்டிய முன்பணத்தை வேன்காரர் மறுபடி தன் சட்டைப் பைக்குள்ளேயே திணித்துக்கொண்டார். தனியாக வேனில் ஏறிப் போயே போய்விட்டார்.

படகுக்காரர் பல்லைக் கடித்தார். “நம்ம படகை நீயே நாறடிச்சிட்டியேடி! நாளைக்கு வீட்டுக்காரன் வாடகை கேட்டு வந்து நிப்பானே?”

“அவனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்,” என்றாள் மனைவி. “முழுகின பிள்ளையைப் பெத்தவ வந்து நின்னா, நீங்க என்ன சொல்வீங்க?”