நான்காவது நட்டு

துர்மிதோர் மலைச்சாலையின் வளைவில் கார் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. பக்கக் கண்ணாடியில் கட்டிய கல்யாணத் துண்டு காற்றில் படபடக்கிறது. முன்னே போய்விட்ட ஊர்வலக் கார்களின் ஹாரன் சத்தம் பள்ளத்தாக்குக்குள் தேய்ந்துகொண்டே போகிறது. மாப்பிள்ளைத் தோழன் வேலிமிர் போய்ச் சேராமல் தேவாலயத்தில் பாதிரியார் வாயைத் திறக்கமாட்டார். அவனோ பளபளக்கும் கறுப்பு ஷூவோடு ஸ்பேனர் பிடிமேல் ஏறிக் குதித்துக்கொண்டிருக்கிறான். பஞ்சரான சக்கரத்தில் மூன்று நட்டுகள் இளகிவிட்டன. நான்காவது அசைய மறுக்கிறது. பனிக்கால டயர் மாட்டிய அன்றும் இப்படித்தான் ஏறிக் குதித்து முறுக்கினான். "பேயே வந்தாலும் கழட்ட முடியாது" என்று மார்தட்டியதை அவன் மனைவி ஸ்லாவ்கா மறக்கவில்லை. "பேய விடு, உன்னாலயே முடியல பாரு," என்கிறாள். "சும்மா இருடி!" மறுபடி குதிக்கிறான். டணாரென்று ஒரு சத்தம். "கழண்டுருச்சு!" என்று குனிந்தவன் அப்படியே உறைகிறான். நட்டோடு போல்ட்டும் ஒடிந்து ஸ்பேனருக்குள் கிடக்கிறது. ஹாரன் சத்தம் இப்போது கேட்கவே இல்லை. ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டெப்னியை மாட்டி, காரை இறக்குகிறான். மிச்சமிருக்கும் மூன்று நட்டுகளில் முதலாவதன்மேல் ஸ்பேனரை வைத்ததும் பழக்கதோஷத்தில் வலது கால் எழுகிறது. அந்தரத்தில் நிற்கிறது. மெல்லத் தரைக்குத் திரும்புகிறது. கையாலேயே ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து எதற்குமே அவளைக் கேட்டிராதவன் நிமிர்ந்து பார்க்கிறான். "போதுமா, ஸ்லாவ்கா?" அவள் சாலையோரத்துப் பள்ளத்தாக்கைப் பார்க்கிறாள். அவளுக்கும் தெரியாது.