வாங்கில் இடம்

சின்னி பின்படலையால்தான் வருவாள் என்பதை மகாதேவி அடியோடு மறந்துபோனாள்.

கணவர் அருளம்பலத்தின் கண்ணில் படக்கூடாது என்றுதான் குசினிக்குப் பின்னால், எலுமிச்சை மரத்து மறைப்பில் கொடி கட்டி அந்தத் துணியைக் காயப்போட்டிருந்தாள். முன்பக்கத்தால் வருகிற எவரும் அங்கே எட்டிப் பார்க்கமாட்டார்கள். பின்பக்கத்தால் வருகிறவள் ஒருத்தி மட்டும்தான். அவள் ஊருக்கெல்லாம் துணி வெளுக்கிறவள்.

சின்னி வெளுத்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கொடியைப் பார்த்தாள்.

பழைய சேலையில் கிழித்த துண்டு. கறையும் சவர்க்காரமும் சரியாகப் போகவில்லை. பிழியத் தெரியாத கை பிழிந்திருந்தது. அந்த வீட்டில் ஒருவரும் ஒரு கைலேஞ்சிகூடத் தோய்த்தது கிடையாது.

சின்னிக்கு விளங்கிவிட்டது. அவளுக்கு விளங்கிவிட்டது என்பது மகாதேவிக்கும் விளங்கியது.

கோப்பாயில் ஒரு பிள்ளை வயதுக்கு வந்து பெரியபிள்ளையானால் முதற் சேதி சின்னி வீட்டுக்குத்தான் போகும். அவள் மாற்றுத்துணி கொண்டுவர வேண்டும். அவள் படலை தாண்டினால் ஊர் முழுக்கத் தெரிந்த மாதிரி. பிறகு சடங்கு, பந்தல், பலகாரம். அதோடு படிப்புக்கு முழுக்கு.

மகள் குணலட்சுமியோ, பள்ளிக்கூடம் விட்டபின் நடக்கும் இங்கிலீசு வகுப்பில் முதலாவதாய் நிற்கிறாள். மார்கழியில் சோதனை.

அந்தப் பின்னேர வகுப்பைத் தொடங்கி, பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள் என்று வீடு வீடாய் ஏறி இறங்கியவர் அருளம்பலமேதான். பெரியபிள்ளையானதுகள் வரக்கூடாது என்று சட்டம் போட்டவரும் அவரேதான். சொந்த மகளுக்காகச் சட்டத்தை வளைக்கிற மனிதர் இல்லை. ஊரார் அதற்காக அவரை மெச்சினார்கள். மகாதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது வேறொன்றும் நினைவுக்கு வந்தது.

தன் பெண்பிள்ளையையும் அந்த வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று சின்னி இதே படலையில் நின்று எத்தனையோ தரம் கேட்டிருந்தாள். வகுப்பு வாங்கில் குந்த இடமில்லை என்று வாய் கூசாமல் சொல்லி அனுப்பியவள் மகாதேவி. குணலட்சுமிக்குப் பக்கத்தில் அவள் பிள்ளை வந்து குந்துவதா என்ற எண்ணம்தான், வேறென்ன. அருளம்பலத்தின் காதில் அதைப் போடவேயில்லை. போட்டிருந்தால் மனிதர் ஓம் என்றிருப்பார்.

வாங்கில் இடம் தாராளமாய் இருந்தது.

இன்றைக்குப் பிடி சின்னியின் கையில். இனிக் கேட்பாள், கேட்டால் உடனே ஓம் என்றுவிட வேண்டியதுதான் என்று மகாதேவி காத்து நின்றாள்.

சின்னி ஒன்றும் கேட்கவில்லை. கொடியில் கிடந்ததை எடுத்தாள். மற்ற அழுக்குத் துணிகளுக்கு நடுவில் செருகி, மூட்டையை இறுக்கிக் கட்டினாள்.

“இனி நீங்கள் தோய்க்காதேங்கோ நாச்சியார். ஒருத்தருக்கும் தெரியாமல் நான் வெளுத்துத் தாறன்.”

மகாதேவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது.

சின்னி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு படலையைத் திறந்தாள்.

“எனக்கு இது பழக்கம்தான். என்ரை பிள்ளையின்ரையையும் ஆவணியிலையிருந்து இப்பிடித்தான் ஒளிச்சு வெளுக்கிறன். வாங்கிலை இடம் வருமட்டும்.”