பியா மேட்டர்

"பியா மேட்டரு இப்போதைக்கு ரமாபாய்க்குத் தெரிய வேணாம் மாமு. தெரிஞ்சா தாங்க மாட்டா."

மாடிப்படியில் நின்று நண்பனிடம் போனில் பேசிய கணவன் ஜெயவேலின் குரல், கதவுக்குப் பின்னால் இருந்த ரமாபாயின் காதில் விழுந்தது. மணலியில் டேங்கர் லாரி ஓட்டுகிறவன், கொஞ்ச நாளாக லீவு போட்டுவிட்டுச் சலவைச் சட்டையில் எங்கோ போய் வந்தான். அவள் பக்கத்தில் வந்தாலே தலைவலி என்று திரும்பிப் படுத்தான்.

உள்ளே வந்தவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"யாருய்யா அந்தப் பியா? என்னவிட அழகா கீறாளா?"

"இன்னாமே பேசற?"

"அவ வூடு எங்க கீது சொல்லு. இப்பவே போய் மயிரப் புடிச்சு இழுத்தாறேன்."

ஜெயவேல் சிரிக்கத்தான் பார்த்தான். முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"அது பொண்ணு இல்லமே. மூளைய ஒட்டிக்கினு கீற மெல்லிசு ஜவ்வுக்குப் பேரு பியா மேட்டரு. என் தலைக்குள்ள ஒரு கட்டி வந்து, அதுல ஒட்டிக்கினு கீதாம். வெட்டி எடுக்கறது கஷ்டம்னு டாக்டரு சொல்றாரு."

ரமாபாயின் கை சட்டையை விட்டது. அவன் தலையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"பொண்ணுதான்னு சொல்லுய்யா," என்று கதறினாள். "நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். பொண்ணுதான்னு சொல்லுய்யா!"