இப்னு சீனாவின் சோதனை

கையை நீட்டச் சொன்னார் தவராஜா. தர்சினி தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு நீட்டினாள்.

அப்பாவில் இன்றைக்கு அந்தப் பழைய காலத்து வைத்தியர் இப்னு சீனா இறங்கியிருக்கிறார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

போன சனிக்கிழமை இறங்கியவர் அல் ராஸி என்ற இன்னொரு வைத்தியர். பக்தாத்தில் ஆஸ்பத்திரிக்கு இடம் பார்க்கச் சொன்னபோது, நகரத்தின் மூலைமுடுக்கெல்லாம் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எந்த இடத்தில் இறைச்சி பிந்திப் பழுதாகிறதோ அங்கே கட்டுங்கள் என்றாராம். இதை அவர் சொன்னது ஆட்டிறைச்சிக் கறியைத் தட்டில் போட்டுக்கொண்டு. தர்சினி அன்றைக்குச் சோறும் பருப்பும் மட்டும் சாப்பிட்டாள்.

தவராஜாவுக்கு ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கி, தட்டில் அடுக்கிக் கொடுக்கிற வேலை. ஒருநாள் தொலைக்காட்சியில், கோர்டோபாவில் வாழ்ந்த அல் சஹ்ராவி என்ற வைத்தியர் ஆயிரம் வருசத்துக்கு முன்னால் வரைந்துவைத்த கருவிகளைக் காட்டினார்கள். கத்தரிக்கோல், இடுக்கி, கொக்கி. அன்று காலை தான் அடுக்கிவிட்டு வந்த தட்டை யாரோ பார்த்து வரைந்ததுபோல அவருக்கு இருந்தது.

அன்றிலிருந்து மனிதர் அந்தக் காலத்து வைத்தியர்களிடம் விழுந்துவிட்டார். குடலில் எடுத்த நூலால் உடம்புக்குள்ளே தைத்தவர்கள், தட்டம்மை வேறு பெரியம்மை வேறு என்று பிரித்துச் சொன்னவர்கள் என்று வேலைக்குப் போகும் வழியெல்லாம் அவர்களைத்தான் நினைத்துக்கொண்டு போவார். தான் கழுவுகிற சாமான்களுக்கு இப்படியொரு பரம்பரை இருப்பதில் அவருக்கு நடையே கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது.

இப்னு சீனாவின் கதைதான் எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தது. ஒரு வாலிபன் காரணமில்லாமல் மெலிந்துகொண்டே போகிறான். வைத்தியர்கள் கைவிட்டுவிட்டார்கள். இப்னு சீனா வந்து அவன் நாடியைப் பிடித்துக்கொண்டு, ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்கிறார். ஒரு ஊரில் நாடி துள்ளுகிறது. பிறகு அந்த ஊரின் தெருக்கள், வீடுகள், ஆட்கள். கடைசியில் ஒரு பெண்ணின் பெயர். அவளோடு சேர்த்துவையுங்கள், வேறு மருந்து இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் மனிதர்.

தர்சினி சுவிஸ் தலைநகர் பேர்னுக்கு ரயிலில் போய் மருத்துவம் படிக்கிறாள். சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைகளிலும் போய்விடுகிறாள். கேட்டால் நூலகம் என்கிறாள். அதே ஞாயிறுகளில் பேர்ன் கோயிலுக்குப் போகிற மனைவி மனோகரியிடம் தவராஜா விசாரித்துப் பார்த்தார். எனக்கென்ன தெரியும் என்றுவிட்டாள்.

மகளுக்கு ஒரு பெடியன் இருக்கிறான் என்று தவராஜா முடிவுகட்டியிருந்தார். எந்த ஊர்ப் பெடியன் என்பதுதான் தெரியவேண்டும்.

பெருவிரலை அவளுடைய மணிக்கட்டில் நன்றாகப் பதித்தார். தர்சினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

ரயில் போகிற ஒழுங்கிலேயே ஆரம்பித்தார். புறுக். பாடன். சூரிச். நாடி தன்பாட்டில் அடித்தது.

மற்றப் பக்கம் திரும்பினார். ஓல்டன். பேர்ன். பேர்னில்கூட ஒன்றும் நடக்கவில்லை. அவருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

அடுத்த ஊரை விட்டுவிட்டு லோசானுக்குத் தாவுவதாகத்தான் நினைத்திருந்தார். வாய் தண்டவாளத்தோடேயே போய்விட்டது.

ஃப்ரிபூர்க்.

பெருவிரலின் கீழே நாடி துள்ளியது. துள்ளியது நிற்கவுமில்லை. படபடவென்று ஓடியது.

அந்த வீட்டில் மூன்று வருசமாக யாரும் சொல்லாத ஊர் அது. அவருடைய மூத்தவன் லக்சன் இருக்கிற ஊர். டொக்டராக வருவான் என்று கண்ட கண்ட ஆட்களிடமெல்லாம் தவராஜா சொல்லித் திரிந்த பிள்ளை, மூன்றாம் வருசத்தில் படிப்பை விட்டுவிட்டு, அங்கே ஒரு சின்னப் பேக்கரியைத் திறந்து பாண் சுட்டுக்கொண்டிருக்கிறான். அவன் பெயரை இனி என் காதில் போடாதேங்கோ என்று சொன்னவர் அவர்தான்.

அப்படியென்றால் பெடியனுமில்லை, நூலகமுமில்லை. இவள் ஒளித்து ஒளித்து அண்ணனிடம் போய்வருகிறாள்.

ஆயிரம் வருசம் கழித்தும் அந்த மகானின் சோதனை பிழையாகவில்லையே என்ற பெருமை ஒரு பக்கம். பெற்ற மகளே தலையில் மிளகாய் அரைத்துவிட்டாளே என்ற கொதிப்பு ஒரு பக்கம். கையை விடாமலே அவளை முறைத்தார்.

தர்சினி பயப்படவில்லை. அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

“அப்பா, பெருவிரலுக்குள்ளையும் ஒரு நாடி ஓடுது. அதாலை பிடிச்சால் பிடிக்கிற ஆளின்ரை துடிப்புத்தான் தெரியும். இதை எங்களுக்கு முதலாம் வருசத்திலேயே சொல்லித் தந்தவை.”

தவராஜா குனிந்து தன் பெருவிரலைப் பார்த்தார். அது மகளின் கையில் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

இப்னு சீனா பிழைவிடவில்லை. நோயாளி யார் என்பதில்தான் பிழை நடந்திருந்தது.

மெல்லக் கையை எடுத்தார். சுட்டுவிரலையும் நடுவிரலையும் வைத்துத் திரும்பப் பிடிக்கலாம். அவர் பிடிக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்தார், ஆறிப்போயிருந்தது. குசினியில் மனோகரி தண்ணீர்க் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

யன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

“ஞாயிற்றுக்கிழமையிலை அவன் கடை திறக்கிறவனோ?”

தர்சினி வாய் திறக்க முதல் குசினியிலிருந்து பதில் வந்தது.

“ஓம். மத்தியானம் வரைக்கும் திறந்திருக்கும்.”

மனோகரியின் கையை அந்த வீட்டில் ஒருவரும் பிடித்துப் பார்த்ததில்லை.