ஆயிரம் சூடை மீன்கள்

மூன்றாவது துண்டுக் கடதாசியைப் பிரித்த ஞானசேகரம் அதை உடனே உரக்க வாசிக்கவில்லை.

ஆராய்ச்சி மாணவர்கள் ஐந்து பேர். தங்களுக்குக் கீழே வரும் இளையவர்களை எப்படி வழிநடத்துவது என்று பழகத்தான் துறைமுகத்தடி மண்டபத்துக்கு வந்திருந்தார்கள். பழக்குபவர் ஞானசேகரம். 'உங்கள் முதல் வழிகாட்டி செய்ததில் மறக்க முடியாத ஒன்றை எழுதுங்கள். பெயர் வேண்டாம். நான் உரக்க வாசிப்பேன்' என்றவரும் அவரேதான். நல்லாய் மாட்டிக்கொண்டார்.

முதல் இரண்டு துண்டிலும் ஒரே புகழ்ச்சி. இதில் இப்படி இருந்தது:

'விடியற்காலையில் கிண்ணியாத் துறையில் நின்று ஆயிரம் சூடை மீன் அளந்தேன். வழிகாட்டியின் கட்டுரையில் என் அளவுகள் எல்லாம் வந்தன. என் பெயர் மட்டும் வரவில்லை.'

முன்வரிசையில் மஹ்ரூப் இருந்தான். ஏழு வருடங்களுக்கு முன், எழுபத்து நாலில், ஞானசேகரத்திடம் வந்து சேர்ந்த முதல் மாணவன்.

என்ன காலம் அது! மீன் அளக்க இரண்டு பேருக்கும் ஒரே அடிமட்டம். மஹ்ரூப் மீனை நீட்டிப் பிடித்து அளவைக் கத்துவான், இவர் எழுதுவார். வெயில் ஏறியதும் கவிழ்த்த தோணியில் குந்தியிருந்து, அவனுடைய உம்மா கட்டிக்கொடுத்த பிட்டை மீன் வாடை போகாத கையாலேயே தின்பார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டார், அந்த ருசி வரவில்லை. அவனும் அந்த நாட்களை அப்படித்தான் நினைத்து வைத்திருப்பான் என்று நம்பியிருந்தார்.

அந்த அளவுகளை வைத்து எழுதிய கட்டுரையில் அவன் பெயரைப் போட வேண்டும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

துண்டை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுவிடலாம். கேட்க ஆளில்லை. ஆனால் மஹ்ரூப் பார்த்துக்கொண்டிருந்தான். இவனுக்கு முன்னால் ஒளித்துவிட்டு, மற்றவர்களுக்கு எதைப் பழக்குவது?

உரக்க வாசித்தார். வாசித்து முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“மஹ்ரூப், அந்த ஆள் நான்தான். ஏழு வருசமா உமக்கு ஒரு நன்றிகூடச் சொல்லேல்லை. மன்னிச்சுக்கொள்ளும்.”

சொன்ன பிறகு நெஞ்சு லேசானது. மஹ்ரூபின் முகம்தான் வெளிறிப்போயிருந்தது.

“சேர், அது நான் எழுதின துண்டில்ல.”

சொல்லிவிட்டு அவன் மெல்லத் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தான்.

அங்கே ரபீக்கா தலை நிமிராமல் இருந்தாள். போன வருடம் மஹ்ரூபின் கட்டுரைக்கு மீன் அளந்து கொடுத்தவள் அவள்.